ஹவானா வாசிப்பும் மதான்சாஸ் வாசிப்பும்: ஆஃப்ரோ-கியூபத் தாளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குவாகுவாங்கோவை (பாட்டும் மேளமும் ஆட்டமும் சேர்ந்த கியூப ரும்பாவின் ஒரு வகை) மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாகச் சொல்லித்தருகிறார்கள். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் மூவரும் சரி. கியூபாவின் நாட்டார் தாளங்கள் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை, சில சமயம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபவை. அவற்றில் பெரிய பிரிவு, ஹவானாவுக்கும் அதற்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள துறைமுக நகரமான மதான்சாஸுக்கும் இடையே உள்ளது. இரண்டு ஊரிலும் கரும்புத் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் தாளங்களைக் காத்து வளர்த்தார்கள். எந்த இனக்குழு எங்கே அதிகம், யார் யாரிடம் கற்றார் என்பது மாறமாற, தாளமும் மாறியது.

இன்னொரு காரணமும் உண்டு. 1962இல் ஹவானாவில் தேசிய நாட்டார் கலைக்குழு தொடங்கப்பட்டது. பல பேட்டைகளின் மேதைகள் அதில் சேர்ந்தார்கள். மேடைக்காக அவர்களுடைய வாசிப்புகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. வெளிநாட்டு மாணவர்கள் பலர் கற்றது இந்தக் குழுவின் கலைஞர்களிடம். ஆகவே வெளியூர்ப் பாடநூலில் 'ஹவானா முறை' என்று இருப்பதைப் பல நேரம் 'அந்தக் குழுவின் முறை' என்று படித்துக்கொள்வது நல்லது. ஹவானாவிலேயே பக்கத்துத் தெருவில் வேறு மாதிரி வாசிப்பார்கள்.

சிக்கல் வருவது கலக்கும்போதுதான். ஒருவரிடமிருந்து சாலிதோர் (தாழ்ந்த மேளம்) பாடம், இன்னொருவரிடமிருந்து த்ரெஸ் தோஸ் (நடு மேளம்) பாடம், யூடியூபிலிருந்து குச்சிப் பாடம் என்று எடுத்துச் சேர்த்தால் மேளங்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று விழும். ஒரு முறையை எல்லாக் கருவிகளோடும் முழுதாகக் கற்றபின் அடுத்ததற்குப் போங்கள்.

கிளாவே என்பது நம் தாளம் மாதிரியா?

இல்லை. ஆதி தாளத்தில் கை போடுவது தட்டுகளைக் காட்டுகிறது. கிளாவே தட்டுகளைக் காட்டாது. இரண்டு மரக்கட்டைகளில் அடிக்கும், தட்டுகளுக்கு ஊடே ஓடும் ஐந்து அடிகள் கொண்ட ஒரு சொற்கட்டு அது. பாட்டின் சொல் பிரிப்பு, மேளத்தின் திறந்த அடிகள் (கையை உடனே எடுத்து ஒலிக்கவிடும் அடிகள்), ஆட்டக்காரரின் கால் எல்லாம் அதோடு பொருந்த வேண்டும்.

ஒரு சுற்றை 4 தட்டு, தட்டுக்கு 4 மாத்திரை என்று 16 மாத்திரையாக வைத்துக்கொள்வோம். தட்டுகள் 1, 5, 9, 13இல் விழும். ஸோன் என்ற கியூப இசை வகைக்குரிய ஸோன் கிளாவேயின் அடிகள் 1, 4, 7, 11, 13. ரும்பா கிளாவேயின் அடிகள் 1, 4, 8, 11, 13. மூன்றாவது அடி ஒரு மாத்திரை தள்ளிப்போகிறது, வேறுபாடு அவ்வளவே. ஆனால் அந்த ஒரு மாத்திரை முழு வாசிப்பின் சாய்வையும் மாற்றிவிடும்.

பார்த்தீர்களா, ஐந்து அடிகளில் 1உம் 13உம் மட்டுமே தட்டில் விழுகின்றன. மீதி மூன்றும் எதிரடி. காலில் நான்கு தட்டையும் போட்டுக்கொண்டு கையில் கிளாவேயைத் தட்டிப் பழகாதவர்கள் வெகு விரைவில் கிளாவேயையே தட்டாகக் கேட்கத் தொடங்குவார்கள். அங்கே தொடங்கும் கோளாறு பிறகு எல்லாப் பாடத்திலும் தொற்றும்.

ரும்பாவுக்கு ரும்பா கிளாவே, ஸோனுக்கு ஸோன் கிளாவே. இது மாறாத விதியா?

இன்றைய நடைமுறையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஹவானாவின் பழைய ரும்பாப் பதிவுகள் சிலவற்றில் இப்போது நாம் ஸோன் கிளாவே என்று சொல்வதே ஒலிக்கிறது. மெதுவான ரும்பா வகையான யம்பூவை இன்றும் ஸோன் கிளாவேயில் வாசிக்கும் குழுக்கள் உண்டு. ஆகையால் யம்பூவில் மூன்றாவது அடி முன்னதாக விழுந்தால் வாசிப்பவர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு சுற்று கேளுங்கள். ஒரே இடத்தில் விழுந்தால் அது அவர்கள் முறை.

3-2, 2-3 என்கிறார்களே?

1 முதல் 8 வரை மூன்று அடிகள், 9 முதல் 16 வரை இரண்டு அடிகள். பாட்டு மூன்றடிப் பக்கத்தில் தொடங்கினால் 3-2, இரண்டடிப் பக்கத்தில் தொடங்கினால் 2-3. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு எடுப்பு மாறுவதுபோல் தோன்றும். புரிந்துகொள்ள அது போதும். இந்தப் பேச்சு ஸல்ஸா, மாம்போ போன்ற வாத்திய அமைப்புள்ள இசையில்தான் அதிகம் புழங்குகிறது. ரும்பாக்காரர்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். கிளாவே ஒலிக்கத் தொடங்கியதும் பாடகர் தன் இடத்தில் நுழைவார்.

வாசிப்பின் நடுவில் பக்கம் மாறிப்போவது பெரிய பிழை. இதற்கு 'க்ருசாதோ' என்பார்கள், கிளாவேயைக் குறுக்காக வெட்டிவிட்டது என்று பொருள்படும்படி. பெரும்பாலும் ஒரு நீண்ட முத்தாய்ப்புக்குப் பிறகு எட்டு மாத்திரை கூடவோ குறையவோ ஆகி இது நடக்கும். சரிசெய்ய வேண்டியவர் கிளாவே வாசிப்பவர் அல்ல; மற்றவர்கள்தான் அவரிடம் திரும்பி வர வேண்டும். கிளாவேக்காரர் யாருக்காகவும் நகரக் கூடாது.

ரும்பா சதுஸ்ரமா திஸ்ரமா? எழுதிவைத்ததை அப்படியே வாசித்தாலும் கியூபக்காரர்கள் வாசிப்பதுபோல் கேட்கவில்லையே.

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் சாரமுள்ள கேள்வி. ரும்பா கிளாவேக்குத் திஸ்ர வடிவமும் உண்டு. 4 தட்டு, தட்டுக்கு 3 மாத்திரை, ஆக 12 மாத்திரை. அடிகள் 1, 3, 6, 8, 10. நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 2.4 நொடி. சுற்று தொடங்கியதிலிருந்து அடிகள் எப்போது விழும் என்று கணக்குப் போட்டால்:

சதுஸ்ரத்தில் 0, 0.45, 1.05, 1.50, 1.80 நொடி.
திஸ்ரத்தில் 0, 0.40, 1.00, 1.40, 1.80 நொடி.

முதல் அடியும் கடைசி அடியும் இரண்டிலும் ஒன்றே. நடுவில் உள்ள மூன்று அடிகளுக்கு மட்டும் 0.05 முதல் 0.10 நொடி வரை இடைவெளி. கியூப ரும்பாக்காரர்களின் கை இந்த இடைவெளிக்குள் எங்கோ விழுகிறது. சதுஸ்ரக் கட்டத்திலும் இல்லை, திஸ்ரக் கட்டத்திலும் இல்லை. மூன்றாவது, நான்காவது அடிகளில் இது தெளிவாகவே கேட்கும். தாளில் எழுதும்போது ஏதாவது ஒரு கட்டத்தில் வைத்தாக வேண்டியிருப்பதால் எழுத்து எப்போதும் கொஞ்சம் பொய் சொல்லும்.

மதான்சாஸ் குழுக்களின் வாசிப்பு பொதுவாகத் திஸ்ரப் பக்கம் சாய்ந்து கேட்கும். நவீன ஹவானா வாசிப்பில் சதுஸ்ர விளிம்புகள் கூர்மையாக இருக்கும். இது போக்குதான், சட்டமல்ல.

பழகும் வழி: காலில் தட்டுப் போட்டபடி நான்கு சுற்று 'தக திமி' உள்ளுக்குள் ஓட சதுஸ்ரக் கிளாவே, தட்டு வேகம் மாறாமல் அடுத்த நான்கு சுற்று 'தகிட' ஓட திஸ்ரக் கிளாவே. மாறும் இடத்தில் கால் தடுமாறாத நிலை வந்ததும் சொற்கட்டை விட்டுவிட்டு ஒரு பதிவோடு சேர்ந்து தட்டுங்கள். கை தானாக நடுவே இறங்கும். கட்டம் இரண்டும் கைக்கு வராமல் நேரே நடுவுக்குப் போக முயல்பவர்களின் கிளாவே வெறுமனே தள்ளாடும்.

ரும்பாவில் எத்தனை வகை?

மூன்று. யம்பூ மெதுவானது, பழையது, பெரும்பாலும் காஹோன் என்ற மரப்பெட்டிகளில் வாசிக்கப்படுவது. கருவாட்டு மீன் வந்திறங்கிய பெட்டிகள் தாழ்ந்த ஒலிக்கும், மெழுகுவத்திப் பெட்டிகள் உச்ச ஒலிக்கும் பயன்பட்டன. குவாகுவாங்கோ நடுத்தர வேகம் முதல் விரைவு வரை. ஆணும் பெண்ணும் ஆடும் துரத்தல் ஆட்டம். அதில் ஆண் சட்டென்று செய்யும் 'வகுனாவோ' சைகை யம்பூவில் கிடையாது. கொலும்பியா மதான்சாஸ் மாகாணத்துக் கிராமப்புறத்தில் பிறந்தது, வழக்கமாக ஆண் ஒருவர் தனியே ஆடுவது, வேகமானது, திஸ்ர நடை. 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கியூப ரும்பாவைச் சேர்த்தது.

குவாகுவாங்கோவில் யார் என்ன வாசிக்கிறார்கள்?

நுழையும் வரிசையில் சொன்னால்: முதலில் கிளாவே. அடுத்து குச்சிகள், மூங்கில் குழாயிலோ குடைந்த மரக்கட்டையிலோ மேளத்தின் பக்கப் பலகையிலோ அடிப்பது. இதற்கு குவாகுவா, காத்தா, பலீத்தோஸ் என்று பல பெயர். மூன்றாவதாகச் சாலிதோர் அல்லது தும்பா என்ற தாழ்ந்த மேளம். நான்காவது த்ரெஸ் தோஸ், நடு மேளம். இதை செகுந்தோ, த்ரெஸ் கோல்பெஸ் என்றும் அழைப்பார்கள். கடைசியாகக் கிந்தோ, உச்ச மேளம். மணி கோத்த சுரைக்குடுவையான செகெரே இருந்தால் அது தட்டைத் தாங்கும்.

பெயர்கள் ஊருக்கேற்ப இடம் மாறுவதால் 'நீ செகுந்தோ வாசி' என்று சொன்னால் குழப்பம் வரும். 'தாழ்ந்தது, நடு, உச்சம்' என்று கைகாட்டிச் சொல்லிவிடுங்கள்.

குச்சிப் பாடத்தை மாத்திரைக் கணக்கில் தர முடியுமா?

பரவலாகப் பழகும் வடிவம், 16 மாத்திரையில், மூன்றடிப் பக்கத்திலிருந்து: 1, 3, 4, 6, 8, 9, 11, 13, 14, 16. பத்து அடிகள். ரும்பா கிளாவேயின் ஐந்து அடிகளும் இதற்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். ஸல்ஸாவில் திம்பாலே என்ற உலோக மேளத்தின் பக்கவாட்டில் அடிக்கும் 'காஸ்கரா'வும் இதே பாடம்தான்.

வழக்கமாகத் தவறும் இடம் 6ஆவது மாத்திரை. இரண்டாவது தட்டான 5இல் அடி கிடையாது. கை அந்தத் தட்டைத் தேடி 6இல் விழ வேண்டியதை 5க்கு இழுத்துவிடும். அப்படி இழுத்தால் பாடம் அணிவகுப்பு மேளம் போலாகிவிடும். 4, 6, 8 என்ற மூன்று எதிரடிகளையும் காலில் தட்டு போட்டபடி தனியே எடுத்து நூறு முறை ஓட்டினால் சரியாகும்.

சரி, ஹவானாவுக்கும் மதான்சாஸுக்கும் மேளத்தில் என்ன வேறுபாடு?

குவாகுவாங்கோவின் அடையாளம் தாழ்ந்த மேளமும் நடு மேளமும் சேர்ந்து பாடும் சிறு மெட்டு. ஹவானா முறையில் இந்த மெட்டு நிலையாக ஓடும். இரண்டு மேளக்காரர்களும் தங்கள் திறந்த அடிகளை இடம் மாற்றாமல் காப்பார்கள், கிந்தோதான் பேசும். மதான்சாஸில் தாழ்ந்த மேளமும் நடு மேளமும் ஒன்றுக்கொன்று கேள்வி பதிலாகப் பேசிக்கொள்ளும் சுதந்திரம் அதிகம். சாலிதோர் ஒரு அடியைக் கூட்டினால் த்ரெஸ் தோஸ் இடம் விடும், அல்லது பதில் சொல்லும். 1952இல் தொடங்கிய லோஸ் முன்யெகீதோஸ் தெ மதான்சாஸ் குழுவின் பதிவுகளில் கிந்தோவை மனத்தால் ஒதுக்கிவிட்டுக் கீழிரண்டு மேளங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள், விளங்கும்.

தொடக்கநிலையில் இருப்பவர் அந்தப் பேச்சைப் பார்த்துத் தானும் பேசத் தொடங்குவது எங்கும் காணும் தவறு. மதான்சாஸ்காரர் நகர்த்தும் ஒவ்வோர் அடிக்கும் அடியில் நகராத ஒரு பாடம் உண்டு. அது பத்து நிமிடம் தொடர்ந்து கலையாமல் ஓடினால்தான் மேலே பேச்சு.

நடு மேளத்தின் இரண்டு திறந்த அடிகள் கிளாவேயின் எந்தப் பக்கத்தில் விழ வேண்டும்?

ஆசிரியர்கள் அதிகம் சண்டை போடும் இடம். மூன்றடிப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு, இரண்டடிப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு; இரண்டுக்கும் நல்ல குழுக்களின் பதிவுகள் சான்றாக இருக்கின்றன. 'எந்தப் பக்கம் சரி' என்று கேட்பதைவிட 'இந்தக் குழுவில் சாலிதோரின் திறந்த அடி எங்கே இருக்கிறது, அதற்கு இது எப்படிப் பதில் சொல்கிறது' என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே ஒரு மெட்டு. ஒன்றை மட்டும் மறுபக்கம் தூக்கிவைத்தால் மெட்டு உடையும்.

புதிய குழுவோடு உட்காரும்போது நடு மேளத்தில் உடனே கை வைக்காதீர்கள். இரண்டு சுற்று வாயால் கிளாவே சொல்லிக்கொண்டு கேட்டுவிட்டு நுழையுங்கள்.

கிந்தோவில் எவ்வளவு மனோதர்மம்?

நினைப்பதைவிடக் குறைவு. பாட்டுக்கு மூன்று கட்டம் உண்டு. சொல்லற்ற ஓசைகளால் பாடகர் சுருதியையும் மெட்டையும் நிறுவும் தியானா. அடுத்து கதை சொல்லும் பாட்டு. பிறகு பல்லவியை எல்லோரும் பாடும் கோரோ. கதைப்பாட்டில் கிந்தோ அடக்கி வாசிக்கும், வரிகளுக்கு இடையே ஓரிரு அடி மட்டும். கோரோ வந்து ஆட்டக்காரர்கள் இறங்கியபின்தான் கிந்தோ திறக்கும். அப்போதும் அது ஆட்டக்காரரின் உடலைப் பார்த்து வாசிக்கிறது. பாட்டின் மேல் கொட்டித் தீர்க்கும் கிந்தோக்காரரை மூத்தவர்கள் எழுப்பி விட்டுவிடுவார்கள்.

குவாராபச்சாங்கேயோ எந்த முறையைச் சேர்ந்தது?

ஹவானா. ரும்பாவை வாசிக்கும் புதிய பாணி இது; 1970களில் சான் மிகேல் தெல் பத்ரோன் பகுதியின் லா கொரேயா பேட்டையில் 'லோஸ் சினீத்தோஸ்' சகோதரர்கள் உருவாக்கியது. நிலையான மெட்டுக்குப் பதிலாக, தாழ்ந்த ஒலிகள் இடம் விட்டு எதிர்பாராமல் விழும். காஹோனையும் மேளத்தையும் ஒருவரே சேர்த்து வாசிப்பார். பிறகு பஞ்சோ கிந்தோ என்ற மேளக்காரர் காஹோனோடு பத்தா என்ற வழிபாட்டு மேளங்களையும் சேர்த்து இதை இன்னும் விரித்தார். இன்று ஹவானாவின் இளைஞர்கள் பலர் வாசிப்பது இதுதான். எனவே பழைய ஹவானா முறையைக் கற்றுவிட்டு அங்கே போகிறவர்கள் திகைப்பது இயல்பு.

இதில் தொடங்காதீர்கள். இடம் விடுவது எளிதாகத் தெரியும், ஆனால் விட்ட இடத்தை நிரப்பும் பழைய பாடம் எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருப்பதால்தான் அது நிற்கிறது.

ஸல்ஸாவில் வாசிக்கும் காங்கா மேளப் பாடத்தை ரும்பாவில் போடலாமா?

கூடாது. ஸல்ஸாவின் மார்ச்சா வேறு குடும்பம். எட்டு அரைத்தட்டுகளில் அது: 1 உள்ளங்கை, 2 விரல்நுனி, 3 ஸ்லாப் (சுள்ளென்று ஒலிக்கும் அடி), 4 விரல்நுனி, 5 உள்ளங்கை, 6 விரல்நுனி, 7, 8 இரண்டு திறந்த அடிகள். இடக்கை உள்ளங்கையும் விரல்நுனியுமாக மேளத்தின் மேல் ஆடிக்கொண்டிருக்கும். பேஸும் பியானோவும் இருக்கும் இசைக்கு இது நிறைவாக இருக்கும். ரும்பாவில் மேளங்களே பேஸும் பியானோவுமாக இருப்பதால் இந்தப் பாடம் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு மெட்டைக் கேட்கவிடாது.

மேளத்தின் அளவு, சுருதி?

கடையில் கிடைக்கும் காங்காக்களில் வாய் விட்டம் தோராயமாக கிந்தோ 11 அங்குலம், நடு 11¾, தும்பா 12½. உயரம் 30 அங்குலம். கிந்தோவைக் கூர்மையாக, மற்ற ஒலிகளைக் கிழித்துக்கொண்டு கேட்கும்படி ஏற்றுங்கள். நடுவுக்கும் தாழ்ந்ததுக்கும் இடையே ச–ம அளவு இடைவெளி வைத்தால் மெட்டு தெளியும். இரண்டும் நெருங்கிவிட்டால் நீங்கள் எவ்வளவு சரியாக வாசித்தாலும் குவாகுவாங்கோ காதில் விழாது.

முன்பு தோலை ஆணியடித்து நெருப்பில் காட்டி ஏற்றினார்கள், இப்போது திருகு. எதிரெதிர்த் திருகுகளாகக் கால் திருப்பு வீதம் ஏற்றுங்கள். ஒரே பக்கம் ஏற்றினால் வளையம் சாய்ந்து தோல் கிழியும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈரக்காற்றில் மாட்டுத்தோல் தளர்ந்துபோகும், ஏசி அறைக்குள் வந்ததும் விறைக்கும். வாசித்து முடித்ததும் திருகுகளை இறக்கிவைப்பது தோலுக்கு நல்லது.

மேளத்தைத் தரையில் தட்டையாக வைத்தால் அடிவாய் அடைபட்டு பேஸ் செத்துவிடும். ஸ்டாண்டில் ஏற்றுங்கள், அல்லது உட்கார்ந்து முழங்காலால் பிடித்து மேளத்தை முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கமும் தபேலாவும் வாசிப்பேன். கை ஏன் வலிக்கிறது?

அங்கே விரல் வேலை, இங்கே முன்கையின் எடை. திறந்த அடிக்கு நான்கு விரலையும் சேர்த்து, விரல் வேர்மேடு விளிம்பில் படும்படி கையை விழவிட்டு உடனே எழவிடுங்கள். கை உள்ளே அதிகம் போனால் ஒலி அமுங்கும். போகாவிட்டால் எலும்பு விளிம்பில் இடிக்கும். கட்டைவிரல் மேலே தூக்கியே இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் வாரமே வீங்கும். மோதிரத்தைக் கழற்றுங்கள். ஸ்லாப்புக்கு அதே இடம், விரல்கள் சற்றுக் குவிந்து நுனி மட்டும் படும். பலம் கூட்டினால் வராது, தளர்த்தினால் வரும். பேஸ் என்ற தாழ்ந்த அடி முழு உள்ளங்கையால் நடுவில்.

வலி மூட்டிலும் நரம்பிலும் இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு கிளாவேயோ குச்சியோ பழகுங்கள்.

திஸ்ர நடை மணியில் எப்போதும் 'ஒன்று' எங்கே என்று தொலைந்துபோகிறேன்.

கொலும்பியாவிலும் பெம்பே என்ற வழிபாட்டு விழா இசையிலும் வரும் ஏழடி மணி, 12 மாத்திரையில்: 1, 3, 5, 6, 8, 10, 12. தட்டுகள் 1, 4, 7, 10. ஏழடியில் தட்டோடு சேர்வது 1உம் 10உம் மட்டுமே. தொலைவதற்குக் காரணம் 1, 3, 5 என்று இரண்டிரண்டு மாத்திரையாக வரும் தொடக்கம். காது அதையே தட்டாக எடுத்துக்கொண்டு ஆறு தட்டாக எண்ணத் தொடங்கிவிடும். முதலில் நடந்துகொண்டே பழகுங்கள்: சுற்றுக்கு நான்கு காலடி, வலதுகால் 1இலும் 7இலும். வாய் மணியைச் சொல்லட்டும். உட்கார்ந்து எண்ணிப் பிடிப்பவர்களைவிட நடந்து பிடிப்பவர்கள் விரைவில் நிலைப்படுகிறார்கள்.

பத்தா மேளத்திலும் இதே ஊர் வேறுபாடு உண்டா?

இன்னும் அதிகம். பத்தா, மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்கள் வழிவந்த சாந்தேரியா வழிபாட்டின் மேளம். மடியில் கிடத்தி இரு முகமும் வாசிக்கும் மூன்று மேளங்கள்: பெரிய இயா அழைக்கும், நடுவான இதோதெலெ பதில் சொல்லும், சிறிய ஒகோன்கோலோ பெரும்பாலும் மாறாத பாடத்தைத் தாங்கும். பெரிய முகம் எனு, சிறிய முகம் சாச்சா. இயாவின் எனுவில் ஃபர்தேலா என்ற பசையை அப்பி அதிர்வை அடக்குவார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை வைப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

ஹவானாவில் சாச்சாவையும் வெறுங்கையால் வாசிப்பார்கள். மதான்சாஸ் மரபில் சாச்சாவைத் தோல்வாரால், செருப்பின் அடித்தோல் போன்ற துண்டால் அடிக்கும் வழக்கம் உண்டு. ஒலி சாட்டை போல் விழும். ஹவானாவின் பாடங்களில் இயாவின் அழைப்புகளும் பாதை மாற்றங்களும் நிறைய. மதான்சாஸ் பாடங்கள் பொதுவாகச் சிக்கனமானவை, ஒரே அசைவில் நெடுநேரம் நிற்கும். ஒரே தெய்வத்துக்கான பாடம் ஒரே பெயரில் இரண்டு ஊரிலும் இருக்கும், வாசித்தால் வேறு. ஹவானா இயாவும் மதான்சாஸ் இதோதெலெயும் சேர்ந்து உட்கார்ந்தால் அழைப்புக்குப் பதில் வராது.

ஊர் மாறினால் கருவியே மாறும் என்கிறார்களே, எடுத்துக்காட்டு?

இயேசா என்ற தாளம். மதான்சாஸில் 1845 முதல் இயங்கிவரும் சான் ஹுவான் பௌதீஸ்தா இயேசா சங்கத்தில் இதற்கென்றே தனி உருளை மேளங்கள் உள்ளன. குச்சியால் வாசிப்பார்கள், கூடவே இரும்பு அகோகோ மணிகள். ஹவானாவில் 'இயேசா' என்றால் அதே சதுஸ்ர நடையைப் பத்தாவிலோ காங்காவிலோ மாற்றியமைத்த வடிவம். பட்டறைகளில் காங்காவில் கற்பிப்பது இந்த இரண்டாவது வகை. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைக் குறைசொல்ல வழியில்லை. மூலச் சங்கத்தின் மணிப்பாடத்தைக் காங்கா வடிவத்தின் மேல் அப்படியே ஒட்டவைக்க முயலும்போதுதான் இடறும்.

வெளியாட்கள் பத்தா வாசிக்கலாமா? பெண்கள்?

இரண்டு வகை மேளம் உண்டு. அன்யா என்ற தெய்வம் உறையும்படி சடங்கு செய்யப்பட்ட மேளங்களைத் தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே தொடுவது கியூப மரபு. சடங்கு செய்யப்படாத அபெரிங்குலா மேளங்களை யாரும் கற்கலாம்; பெண்கள் பலர் அவற்றில் தேர்ந்தவர்கள். ஒரு விழாவுக்குப் போனால் மேளம் எந்த வகை என்று தெரியாமல் கை வைக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர்தான். என்ன வாசிக்கலாம்?

ஒருவர் கிளாவே அடித்துப் பாடட்டும், ஒருவர் குச்சி, ஒருவர் இரண்டு மேளங்களை வைத்துத் தாழ்ந்த மேளம், நடு மேளம் இரண்டின் திறந்த அடிகளையும் சேர்த்து வாசிக்கட்டும். கிந்தோவை விட்டுவிடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிந்தோ முதலில், கிளாவே 'மனசுக்குள்'. கிளாவேக்காரர் ஒரு கட்டையை விரல்நுனிகளிலும் உள்ளங்கைக் குழிவின் மேலும் தளர்வாகக் கிடத்தி மற்றதால் அடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் டொக்கென்று மர ஒலி மட்டும் வரும், மணியோசை வராது.

எந்தப் பதிவுகளைக் கேட்பது?

மதான்சாஸுக்கு லோஸ் முன்யெகீதோஸ், ஆஃப்ரோகூபா தெ மதான்சாஸ். ஹவானாவுக்கு கிளாவே இ குவாகுவாங்கோ என்ற குழு, யொருபா அந்தாபோ, தேசிய நாட்டார் கலைக்குழு. ஒரு வாரத்துக்கு ஒரே பதிவு போதும். முதல் முறை கிளாவேயை மட்டும் கையில் தட்டுங்கள், அடுத்து குச்சியை, அடுத்து தாழ்ந்த மேளத்தின் திறந்த அடியை மட்டும் வாயால் 'தூம்' என்று சொல்லுங்கள். மூன்று மேளமும் ஒன்றாகக் காதில் விழும்போது நடு மேளத்தைப் பிரித்தெடுப்பது கடினம். ஒரு காதுக்கு மட்டும் ஹெட்போன் வைத்துப் பாருங்கள், பல பதிவுகளில் மேளங்கள் இடம் வலமாகப் பிரிந்திருக்கும்.

மெட்ரோனோமோடு பழகலாமா?

தட்டு நிலைக்கும்வரை பழகலாம். நிமிடத்துக்கு 80இல் தொடங்கி, ஒலி நான்கு தட்டிலும் விழட்டும். பிறகு வேகத்தை மாற்றாமல் மெட்ரோனோமைப் பாதியாக்கி 40 வைத்தால் முதல் தட்டிலும் மூன்றாவது தட்டிலும் மட்டும் விழும். அதன்பின் அந்த ஒலியை இரண்டாவது, நான்காவது தட்டாக எண்ணி வாசித்துப் பாருங்கள். குச்சிப் பாடம் கலைவது இங்கேதான், இரண்டாவது தட்டில் அடி இல்லாததால். மேலே சொன்ன திஸ்ர-சதுஸ்ர இடைநிலைக்கு மட்டும் மெட்ரோனோம் உதவாது. அதற்குப் பதிவோ ஆளோ வேண்டும்.